எட்டாவது மரத்துக்கு அப்புறம்

அன்று காலை வருகைப் பதிவேட்டில் என் மகள் வந்திருப்பதாகக் குறித்தேன். அவள் வந்திருக்கவில்லை. ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் பதிவேட்டைத் திறக்கும்போது விரல் நுனி குளிர்ந்துபோகிறது.

மேலூருக்கும் அழகர்மலைக்கும் நடுவில் உள்ள ஒரு ஊரில், பெண் குழந்தைகளுக்கான ஆரம்பப் பள்ளியில் நான் ஒருத்திதான் ஆசிரியை. ஒரே கூடம், ஐந்து வகுப்பு. என் கணவர் மதுரையில் ஒரு மில்லில் குமாஸ்தா. சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து திங்கட்கிழமை விடியும் முன் போய்விடுவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் மகளும்தான். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. முப்பத்துமூன்று வயதில் இவளைப் பெற்றேன். கிணற்றுப் பக்கம் போகாதே, கண்மாயில் இறங்காதே, நாய்க்குக் கிட்டே நிற்காதே என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருப்பேன். மரத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. பெண் பிள்ளை மரம் ஏறுவாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பள்ளிக்கூடத்தில் அவள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். நான் வைத்த சட்டம் அது. நாலாம் வகுப்புக்குப் பேர் கூப்பிடும்போது அவள் எழுந்து “உள்ளேன் டீச்சர்” என்பாள். உடனே மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அவள் பேரை மட்டும் கூப்பிடாமலே கட்டத்தில் குறி போட ஆரம்பித்தேன். ஒரே வீட்டிலிருந்து ஒன்றாக நடந்து வருகிறவளைக் கூப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று நினைத்தேன்.

குருவி விஷயமும் அங்கேதான் தொடங்கியது. இயற்கைப் பாடத்துக்காகப் பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இருந்த வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போவேன். கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் அந்த மரத்துக்குக் காலையில் ஒரு குருவிக் கூட்டம் வரும். எல்லாம் ஒரே இனம் அல்ல. ஏழெட்டு வகை சேர்ந்து வந்து, கால் மணி நேரம் மரத்தைச் சலித்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அடுத்த மரத்துக்குப் போய்விடும். மற்றப் பிள்ளைகள் எத்தனை நிறம் என்று எண்ணிக்கொண்டிருக்க, என் மகள் மட்டும், “டீச்சர், இதுக ஏன் சண்டை போடல?” என்று கேட்டாள்.

நானும் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். வெள்ளைக் கன்னமுள்ள பட்டாணிக் குருவிகள் நடுக்கிளைகளில் சுள்ளிகளைத் தட்டின. மஞ்சள் வயிற்று மாம்பழச் சிட்டு இலைக்கொத்துக்குள்ளேயே இருந்தது. பனிக்காலத்தில் மட்டும் வருகிற, ஊரில் யாரும் பேர் வைக்காத பச்சைப் பொடிக் குருவிகள் கிளை நுனியில் தொங்கி இலையின் அடிப்பக்கத்தைத் துழாவின. மரங்கொத்தி தண்டில் மேல்நோக்கி ஏறியது. நீல முதுகுக் குருவி ஒன்று அதே தண்டில் தலைகீழாக இறங்கி, மரங்கொத்தி விட்டுவிட்டுப் போனதை எடுத்தது. தவிட்டுக் குருவிகள் கீழே சருகைப் புரட்டின. கரிச்சான் மட்டும் வெளிப்பக்க மொட்டைக் கிளையில் தனியாக உட்கார்ந்து, மற்றவை கிளப்பிவிட்ட பூச்சிகளைப் பறந்து பிடித்தது. வல்லூறின் நிழல் தெரிந்தால் அதுதான் முதலில் கத்தும். அந்த ஒரு கத்தலில் மரம் முழுவதும் அசைவற்றுப் போகும்.

ஒரே மரத்தில் ஆளுக்கொரு இடம் இருப்பதால் சண்டை வரவில்லை என்று வகுப்பில் சொன்னேன். இங்கிருந்து எங்கே போகும் என்று மகள் மறுபடி கேட்டாள். மணி அடிக்கிற நேரம். “அது யாருக்கும் தெரியாது. யாரும் பின்னாலேயே போய்ப் பார்த்ததில்லை” என்றேன். பாடத்தை முடிப்பதற்காகச் சொன்ன வார்த்தை. எனக்கு அப்போதே மறந்துவிட்டது.

அந்த மார்கழி நாளில் அவள் எனக்கு முன்பே, காலை ஏழு மணிக்கே கிளம்பினாள். பள்ளி வாசலில் கோலம் போடும் முறை தனக்கு என்றாள். நான் சமைத்து முடித்து ஒன்பது மணிக்குப் போனேன். வாசலில் கோலம் இருந்தது. யார் போட்டது என்று கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தகவல் வந்திருந்ததால் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதிலேயே கவனமாக இருந்தேன். நாலும் ஐந்தும் தாழ்வாரத்தில் ஒரு பெரிய பெண்ணின் பொறுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. உள்ளே இருந்தபடியே பேர் கூப்பிட்டேன். குரல்கள் வந்தன. என் மகளின் கட்டத்தில் வழக்கம்போலக் குறி போட்டேன்.

பகல் சாப்பாட்டுக்கு விட்டபோது அவள் வரவில்லை. தாழ்வாரத்துப் பெரிய பெண்ணிடம் கேட்டேன். “அவ காலையிலருந்தே வரல டீச்சர். நீங்க அவளப் பத்தி ஒண்ணும் கேக்கலைன்னதும், ஒங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் வீட்டுல இருக்கான்னு நெனச்சோம்.”

காலை ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஐந்து மணி நேரம் போயிருந்தது. அதில் மூன்று மணி நேரத்தை என் கையால் எழுதி மறைத்திருக்கிறேன்.

முதலில் தெருக்கள், பிறகு கண்மாய்க் கரை, பிறகு ஓடை. ஊரில் பத்துப் பதினைந்து பேர் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தேடும்போது அன்பாகக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. பயம் முழுவதும் கோபமாகத்தான் வெளியே வரும். ஆண்கள் கம்பால் புதரைத் தட்டிக்கொண்டே, “ஏ புள்ள, இப்ப வாரியா, முதுகுத் தோல உரிக்கவா?” என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். ஓடைக் கரையில் நடந்து போகும்போது, “கையில கெடச்சே, கால ஒடிச்சிருவேன்” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பாஷை படித்தவள், பயிற்சிப் பள்ளியில் குழந்தைகளை எப்படி நடத்த வேண்டும் என்று பரீட்சை எழுதித் தேறியவள். அன்றைக்கு எனக்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான்.

இரண்டு மணிக்கு யாரோ கிணறு என்றார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் கிணற்றைப் பற்றியே பேசினார்கள்.

ஊருக்கு மேற்கே மூன்று தோட்டக் கிணறுகள். சுற்றுச் சுவர் கிடையாது. கார்த்திகை மழையில் மூன்றும் படி தெரியாமல் நிரம்பிக் கிடந்தன. குடம் விழுந்தால் தேடி எடுக்கிற பாதாளக் கரண்டி ஊரில் ஒரே வீட்டில்தான் இருந்தது. அதை இரவல் கேட்கிறவர்கள் ஒரு பாத்திரத்தை அடகாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். முதல் கிணற்றுத் தோட்டக்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டபோது அந்த வீட்டு அம்மாள் பழக்கத்தில், “எதை வச்சிட்டுப் போறீக?” என்று கேட்டுவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, கொக்கிக் கொத்தை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முதல் கிணற்றில் தோட்டக்காரர் கயிற்றை விட்டு விட்டு இழுத்தார். கொக்கிகள் அடியில் உரசும் அதிர்வு கயிறு வழியாக அவர் கைக்கு வருவதை அவர் முகத்திலேயே பார்க்க முடிந்தது. ஒரு முறை கயிறு கனத்தது. அவர் இழுப்பதை நிறுத்தினார். “டீச்சரம்மா, நீங்க அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க” என்றார். நான் திரும்பவில்லை. மெதுவாக மேலே வந்தது ஒரு பழைய சாக்கு. அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. எனக்குப் பின்னால் ஒரு பெண், மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “ஊருப் புள்ள அம்புட்டுக்கும் பேரு கூப்பிடுறாக, பெத்த புள்ளைய விட்டுட்டாக” என்றாள். நான் அவள் பேரைக் கூப்பிடாமலே குறி போட்டதைப் பிள்ளைகள் அதற்குள் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது கிணற்றுக்கு என் கால் வரவில்லை. அவள் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு. ஓடினேன். பூட்டிய வீடு பூட்டியபடி இருந்தது. உள்ளே போய் அவள் பாயை உதறினேன். ஏன் உதறினேன் என்று தெரியாது. பாய்க்குள்ளிருந்து அவளுடைய படம் வரையும் நோட்டு விழுந்தது.

பக்கத்துக்கு ஒரு மரம் வரைந்திருந்தாள். ஒவ்வொரு மரத்தையும் பென்சில் கோட்டால் உச்சி, நடு, நுனி, தண்டு, தரை என்று பிரித்து, அந்தந்த இடத்தில் அந்தந்தக் குருவி. மேலே ‘யார் எங்கே’ என்று எழுதியிருந்தது. மரங்களுக்கு எண்ணும் இருந்தது. ஒன்று, பள்ளிக்கூடத்து வேம்பு. இரண்டு, சாவடிப் புளி. இப்படியே மலைப் பக்கமாகப் போய், எட்டாவது, ஓடைக்கரை இலுப்பை. கூட்டம் தினமும் ஒரே வரிசையில் போகிறது என்று என் மகள் கண்டுபிடித்திருந்தாள். விடுமுறை நாளில் சாணி பொறுக்கப் போகிறேன், கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு மரமாகச் சேர்த்திருக்கிறாள். ஒன்பதாவது பக்கத்தில் மரம் இல்லை. ‘இதுக்கு அப்புறம் யாருக்கும் தெரியாது’ என்று மட்டும் எழுதியிருந்தாள்.

அது என் வாக்கியம்.

நோட்டை மடியில் செருகிக்கொண்டு இலுப்பைக்கு ஓடினேன். ஆண்கள் எல்லோரும் கிணற்றடியில். வழியில் மலையிலிருந்து விறகுக் கட்டோடு இறங்கி வந்த ஒருத்தி எதிர்ப்பட்டாள். கூலிக்காரத் தெருவில் இருப்பவள். அவளுடைய மகள் என்னிடம் இரண்டாம் வகுப்பு. பிள்ளையைப் பார்த்தாயா என்றேன். இல்லை என்றாள். நோட்டைக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, படம் புரிந்தது. “இந்தக் கூட்டமா? காலையில மலையடிக்குப் போகும். வெயிலு சாஞ்சதும் மறுபடி ஒரு வாட்டி இந்த ஓட வழியா அங்க போகும்” என்றாள். விறகை அப்படியே பாதையோரம் போட்டாள். கட்டியிருந்த கயிற்றை மட்டும் உருவித் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள்.

இலுப்பையடியில் யாரும் இல்லை. நான் மறுபடி கத்த ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“கத்தாதீக டீச்சரம்மா. கத்துற பக்கமா எந்தப் புள்ள வரும்? எம்மக நான் தொரட்டியத் தூக்குனா கூரை மேல ஏறிக்கிருவா. அப்புறம் நாந்தான் கஞ்சியக் காட்டி எறக்கணும்.”

கூட்டம் போன வழியில்தான் பிள்ளை போயிருக்கும், கூட்டம் வரட்டும், பார்ப்போம் என்றாள். மணி நாலு இருக்கும். மார்கழிப் பொழுது, மலை நிழல் வயலில் பாதி வரை வந்துவிட்டது. இருட்டினால் மலையடியில் பன்றி இறங்கும், சிறுத்தை இறங்கியதாகவும் ஆட்டுக்காரர்கள் சொல்வார்கள். தூரத்தில் மூன்றாவது கிணற்றுப் பக்கம் ஆள் குரல் கேட்டது. அந்தக் குரல் எப்போது மாறும், எப்போது அழுகையாகும் என்று ஒரு காது அங்கேயே இருந்தது. அப்படி இருக்கும்போது அசையாமல் நின்று குருவிக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நோட்டைப் பிடித்திருந்த இடத்தில் வியர்வையில் அட்டை நைந்துபோயிற்று.

முதலில் கரிச்சான் வந்தது. இலுப்பையின் வெளிக்கிளையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு பட்டாணிக் குருவிகளின் சத்தம். மரம் நிறைந்தது. அவள் வரைந்தபடியே எல்லாம் அவரவர் இடத்துக்குப் போயின. நுனியில் பச்சைக் குருவிகள், தண்டில் மேலே ஒன்று கீழே ஒன்று, சருகில் தவிட்டுக் குருவிகள். ஒரு பட்டாணிக் குருவி நுனிக்குப் போனது. பச்சைக் குருவி ஒரு சாண் தள்ளி வேறு நுனிக்குப் போய்விட்டது. அவ்வளவுதான், வம்பு இல்லை. என் பிள்ளை இதைத்தான் நாள்கணக்காகப் பார்த்திருக்கிறாள். நான் அவளைக் கிணற்றுப் பக்கம் போகாதே என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கூட்டம் நகர்ந்தது. நாங்கள் ஓடையோரமாகப் பின்னால் போனோம். ஒரு மருத மரம். அதிலும் அதே இடம், அதே வேலை. பிறகு ஒரு உசிலை. அதற்கு அடுத்தது நாவல். அந்த வரிசையிலேயே பெரிய மரமும் அடர்ந்த மரமும் அதுதான். தண்டு சாய்ந்து ஓடைக்கு மேலே நீண்டிருந்தது, கீழே பாறை. கரிச்சான் அதன் பக்கம் பறந்தது, உட்காரப் போய், உட்காராமல் கத்திக்கொண்டே திரும்பியது. பட்டாணிக் குருவிகள் நாவலைச் சுற்றிக்கொண்டு அப்பால் இருந்த வாகைக்குப் போயின. பச்சைக் குருவிகளும் போயின. தரையில் வந்த தவிட்டுக் குருவிகள்கூட அந்த நிழலுக்குள் நுழையவில்லை.

இத்தனை வகைக்கும் இடம் கொடுக்கிற மரம் ஒன்று காலியாக இருக்கிறது என்றால், அதில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். இலைகளுக்கு நடுவில் ஒரு பாவாடை விளிம்பு. இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே. அது அசையவில்லை.

நான் வாயைத் திறந்தேன். விறகுக்காரி தன் உள்ளங்கையால் என் வாயை அழுத்தி மூடினாள். மேலே பார்த்து, வழியில் போகிறவள் கேட்பதைப் போல, “ஏ ஆத்தா, மேல நாவப்பழம் கெடக்கா?” என்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. என் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

“மார்கழியில ஏது நாவப்பழம்?” என்று மேலேயிருந்து குரல் வந்தது. அழுது அழுது கரகரத்த குரல்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் கூட்டம் நாவலுக்கு வந்தபோது, உச்சியில் யார் இருக்கிறார்கள் என்று கீழேயிருந்து தெரியவில்லையாம். சாய்ந்த தண்டு வழியாக ஏறியிருக்கிறாள். இறங்கும்போது கணுக்கால் கிளைக் கவட்டையில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க வீங்கிவிட்டது. இதை எல்லாம் அவள் விறகுக்காரியிடம்தான் சொன்னாள். ஆள் தேடி வந்தார்களே, ஏன் சத்தம் கொடுக்கவில்லை என்று விறகுக்காரி கேட்டாள்.

“டீச்சர் கால ஒடிச்சிருவேன்னு சொன்னாக. இந்தா, இதுக்குக் கீழதான் நின்னு சொன்னாக.”

பகல் ஒரு மணிக்கு நான் நின்ற இடம். அவள் என் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கியிருக்கிறாள்.

“அடிக்க மாட்டேன், இறங்கு” என்றேன்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அம்மாவாச் சொல்றீகளா, டீச்சராச் சொல்றீகளா?”

அம்மாவாக என்றேன்.

விறகுக்காரி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். நாவல் கிளை எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. அவள் எடைக்கே அது முனகியது. அவள் மேலே போகப் போக, என் கண் ஒரு முறை கிளையிலும் ஒரு முறை கீழே பாறையிலும் போய்ப் போய் வந்தது. பாறையின் எந்த முனை கூர்மை என்று எனக்கு இன்றும் தெரியும். கவட்டையிலிருந்து காலை எடுக்கும்போது பிள்ளை அலறினாள். மரம் குலுங்கியது. பிறகு இடுப்பில் விறகுக் கயிற்றைக் கட்டி, கிளையில் ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விட்டாள். பாதியில் கிளை படீரென்று பிளந்தது. கயிறு ஒரு முழம் நழுவி நின்றது. பிள்ளை பாறைக்கு மேலே தொங்கிக்கொண்டு சுழன்றாள். நான் ஓடைக்குள் இறங்கி, பாறையை ஒட்டி இடுப்பளவு தண்ணீரில் நின்று அவள் பாதத்தை எட்டிப் பிடித்தேன். பாதம் சில்லென்று இருந்தது. பிறகு முழங்கால், பிறகு முழு உடம்பும் என் கைக்கு வந்துவிட்டது.

கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். தலையைத் தடவிப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. உயிரோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓங்கி அறைந்துவிட்டேன்.

எப்படி நடந்தது என்று என்னையே பல முறை கேட்டிருக்கிறேன். அவள் செத்திருந்தால் அந்தக் கை அப்படியே மடியில் கிடந்திருக்கும். பிழைத்து வந்ததால்தான் எழுந்தது. இதைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? அவள் அழவில்லை. கன்னத்தில் கையும் வைக்கவில்லை. மரத்திலிருந்து இறங்கி வந்த விறகுக்காரியிடம் நொண்டிக்கொண்டே போய், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

விறகுக்காரி என்னைத் திட்டவில்லை. “சத்தியம் பண்ணினீகளே, டீச்சரம்மா” என்று மட்டும் சொன்னாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண், கால் தொங்க, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு போனாள். நான் தூக்குகிறேன் என்று இரண்டு முறை கையை நீட்டினேன். இரண்டு முறையும் பிள்ளை விறகுக்காரியின் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். ஊர் எல்லை வரை நான் பின்னால் நனைந்த சேலையோடு நடந்தேன்.

இப்போது அவளுக்குப் பதினாலு வயது. கணுக்கால் சரியாகிவிட்டது. நன்றாகப் படிக்கிறாள், எங்கே போனாலும் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அன்று அடித்ததைப் பற்றிப் பேச நான் சில முறை தொடங்கியிருக்கிறேன். “அத விடுங்கம்மா” என்று எழுந்து போய்விடுவாள். கோபம் எதுவும் தெரியாது.

ஆனால் கொல்லைப் பக்கத்திலிருந்து நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் வராது. வீட்டுக்குள்தான் இருக்கிறாள் என்று தெரியும். இருந்தாலும் அந்தக் கொஞ்ச நேரத்தில் என் நெஞ்சு அன்றைக்குப் போலவே அடித்துக்கொள்ளும். ஓசை இல்லாமல் வந்து நிலைப்படியில் நிற்பாள். முதலில் என் கையைப் பார்ப்பாள். அதில் துடைப்பமோ கரண்டியோ இருந்தால் நான் கீழே வைத்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் “என்னம்மா?” என்பாள்.